புதிய அல்லிக்குப் பெயரிட்டுப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: தொட்டிகளில் அல்லி வளர்ப்பது என் நெடுநாள் விருப்பம். பெயர்ச்சீட்டுடன் வாங்கிய ஓர் அல்லியின் பூவில், பக்கத்துத் தொட்டியில் இருந்த வேறோர் அல்லியின் மகரந்தத்தைத் தடவினேன்; பூவை மூடி வைக்கவில்லை. காயிலிருந்து முளைத்த நாற்றுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பூத்தன. அவற்றுள் ஒன்று, இளமஞ்சள் இதழ்களின் நுனியில் மட்டும் ஊதா படர்ந்து, நான் வேறெங்கும் காணாத பூவாக இருக்கிறது. அதற்கு என் தாவரவியல் ஆசிரியையின் பெயரை இலத்தீன் வடிவில் சூட்ட விரும்புகிறேன். ஆர்க்கிட் வளர்க்கும் நண்பர் ஒருவர், ஒரே கலப்பில் பிறந்த நாற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் உண்டு என்கிறார். அது சரியா? எங்கே பதிவு செய்வது? பதிந்துவிட்டால் மற்றவர்கள் அதைப் பெருக்கி விற்பதைத் தடுக்க முடியுமா? ஒரு பெயரைச் சொல்லி முகநூலில் படம் வெளியிட்டுவிட்டேன். நண்பர்கள் இருவருக்குக் கிழங்கும் கொடுத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு வேறுவேறு செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒரு கலப்பினத்தின் பிறப்பைக் குறிப்பது ஒன்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்துக்குப் பெயரிடுவது இரண்டாவது. அந்தப் பெயரைப் பதிவு செய்வது மூன்றாவது. அந்த ரகத்தின் மீது சட்டப்படி உரிமை பெறுவது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் விதிகளும் அவற்றைப் பார்க்கும் அமைப்புகளும் வேறு. ஆகவே என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கும் முன், எந்தச் செடிகளின் தொகுதிக்குப் பெயர் வைக்கிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதில் தெளிவு பிறந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானே வந்துவிடும்.

முதலில் விதித்தொகுப்புகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இயற்கையில் வளரும் தாவரங்களின் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் முதலியவற்றை, பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றுக்கான சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பு நெறிப்படுத்துகிறது. பெருக்கல் குறியிட்டு எழுதப்படும் கலப்பினங்களின் இலத்தீன் பெயர்களும் அதன் கீழ்தான் வருகின்றன. மனிதர் தேர்ந்தெடுத்துப் பேணி வளர்க்கும் ரகங்களின் பெயர்களுக்கோ, பயிரிடப்படும் தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. 1953-இல் முதன்முதலாக வெளிவந்த இத்தொகுப்பின் ஒன்பதாம் பதிப்பு 2016-இல் வெளியானது. உங்கள் அல்லிக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது தொகுப்புத்தான்.

இலத்தீன் பெயர் வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டு சிற்றினங்களுக்கு இடையில் பிறந்த கலப்பினத்துக்கு, நடுவே பெருக்கல் குறியுடன் இலத்தீன் பெயர் வைப்பது தாவரவியலில் நெடுங்கால வழக்கம். மக்னோலியா × சூலாஞ்சியானா என்பது தோட்டக்காரர்கள் பலர் அறிந்த உதாரணம். ஆனால் அப்படிப்பட்ட பெயர் ஒரு தனிச்செடிக்கு உரியதன்று. அந்த இரு சிற்றினங்களுக்கு இடையில் எவர் எங்கே எத்தனை முறை கலப்புச் செய்தாலும், பிறக்கும் செடிகள் அனைத்தும், அவற்றின் அடுத்தடுத்த தலைமுறைகளும் கூட, அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். மேலும் அதை வெளியிட, பெற்றோருள் ஒன்றாவது இன்னதென்று தெரிந்தோ ஊகிக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். முறையான விவரணையும், ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தில், அந்தப் பெயருக்குச் சான்றாக வைக்கப்பட்ட வகைமாதிரியும் வேண்டும். உங்கள் செடியின் தாயே பல தலைமுறைக் கலப்பில் உருவான தோட்ட ரகம். தந்தையோ உறுதியாகத் தெரியாதது. இந்நிலையில் இலத்தீன் கலப்பினப் பெயருக்கு இடமே இல்லை.

ரகப்பெயரையாவது இலத்தீன் வடிவில் அமைக்கலாமா என்றால் அதுவும் முடியாது. 1959 ஜனவரி 1 முதல் வெளியிடப்படும் புதிய ரகப்பெயர்கள் இலத்தீன் வடிவில் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு முன் வெளியான பெயர்கள் மட்டும் அப்படியே தொடர்கின்றன. பிரான்சில் லத்தூர்-மார்லியாக் என்ற அல்லிக் கலப்பாளர் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அல்லிகளுள் ஒன்றான ‘மார்லியேசியா குரோமடெல்லா’ இன்றும் அதே பெயரில் வளர்க்கப்படுவதைப் பார்த்து, நாமும் அவ்வாறு வைக்கலாம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உங்கள் ஆசிரியையின் பெயரை இயல்பாக அவரை அழைக்கும் வடிவிலேயே வையுங்கள். அவர் நம்மோடு இருப்பவராயின் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். என் எண்ணத்தில், இலத்தீன் விகுதி ஒட்டிய பெயரைக் காட்டிலும் அவருடைய சொந்தப் பெயரே அவருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்து, எது ரகம் என்ற கேள்வி. ஒரு குறிப்பிட்ட பண்புக்காகவோ பண்புகளின் சேர்க்கைக்காகவோ தேர்ந்தெடுக்கப்பட்டு, அப்பண்புகளில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டும், தமக்குள் ஒரே சீராகவும், உரிய முறையில் பெருக்கும்போது மாறாமலும் இருக்கும் செடிகளின் தொகுதியே ரகம் என்று விதித்தொகுப்பு வரையறுக்கிறது. இவ்வரையறையில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது, உரிய முறையில் பெருக்கும்போது என்ற சொற்கள். சில பயிர்களில் விதையின் வழியாகவே ரகம் மாறாமல் வரும். சிலவற்றில், குறிப்பிட்ட இரு பெற்றோர் வரிசைகளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்தால்தான் அந்த ரகத்தின் விதை கிடைக்கும். உங்கள் அல்லி போன்ற கலப்பினத்திலோ கிழங்கைப் பிரித்து வளர்க்கும் செடிகள் மட்டுமே தாய்ச்செடியின் பண்புகளை மாறாமல் தாங்கி வரும். அதன் விதையில் முளைப்பவை அதே ரகம் ஆகா. பூ எவ்வளவு ஒத்திருந்தாலும் அவற்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. பெயருள்ள ரகங்கள் பல காலப்போக்கில் அடையாளம் குழம்பிப் போனதற்கு, விதை நாற்றுகளைத் தாய்ச்செடியின் பெயரிலேயே கைமாற்றும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. ஏனெனில் ஒருமுறை கலந்துவிட்ட பெயரைப் பின்னாளில் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

ஆகவே நீங்கள் பெயரிட வேண்டியது அந்த ஒரு நாற்றுக்கும், அதன் கிழங்கிலிருந்து பிரிக்கப்படும் செடிகளுக்கும் மட்டுமே. உடன்பிறந்த மற்ற நாற்றுகளில் வேறொன்று தகுதி பெற்றால் அதற்குத் தனிப்பெயர் வேண்டும். தகுதியற்றவற்றுக்குப் பெயரே தேவையில்லை. பெயரிடுவதற்கு முன் அந்தச் செடியை இரண்டு மூன்று பருவங்களாவது, கிழங்கு பிரித்து வெவ்வேறு தொட்டிகளில் வளர்த்துப் பாருங்கள் என்பது என் ஆலோசனை. இது விதி அன்று. அல்லியில் பூவின் நிறம் வெயிலுக்கும் நீரின் வெப்பத்துக்கும் உரத்துக்கும் தக்கவாறு ஏறி இறங்கும். முதல் நாள் பூவுக்கும் மூன்றாம் நாள் பூவுக்கும் இடையிலேயே சாயல் மாறும். நுனியில் படரும் ஊதா எல்லாப் பிரிவுச் செடிகளிலும் பருவந்தோறும் வருகிறது என்று நீங்களே கண்டு உறுதி செய்த பிறகு வைக்கும் பெயருக்குத்தான் பொருள் இருக்கும்.

உங்கள் நண்பர் சொன்னது தவறன்று; ஆனால் அது ஆர்க்கிடுகளுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு. ஆர்க்கிடுகளில் இன்ன இரு பெற்றோருக்குப் பிறந்த அனைத்தையும் குறிக்கும் பெயருக்குக் கிரெக்ஸ் பெயர் என்று பெயர். எது தாய், எது தந்தை என்பது மாறினாலும், அதே கலப்பை வேறொருவர் பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பச் செய்தாலும், அந்தக் கிரெக்ஸ் பெயர் மாறாது. அதை மேற்கோள்குறி இல்லாமல் எழுதுவார்கள். மனிதர் செய்த ஆர்க்கிட் கலப்பினம் முதன்முதலாகப் பூத்தது 1856-இல், இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணையில் ஜான் டோமினி என்பவரின் கையில். அதன்பின் கலப்பினங்கள் பெருகவே, ஆர்க்கிட் வணிகம் செய்த சேண்டர் குடும்பத்தினர் அவற்றுக்கு ஒரு பட்டியலைத் தொடங்கி நடத்தினர். 1961 முதல் அப்பதிவைப் பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பராமரிக்கிறது. பெற்றோர் இருவரின் பெயரும் தெரியாமல் கிரெக்ஸ் பதிவு கிடையாது, ஏனெனில் அந்தப் பெயர் நிற்பதே பெற்றோரை வைத்துத்தான்.

சிங்கப்பூரின் தேசிய மலர் இதற்குத் தெளிவான உதாரணம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையாரின் பெயரால் 1893-இல் அறிமுகமான அந்த ஆர்க்கிடில், மிஸ் ஜோக்கிம் என்பது அந்தக் கலப்பில் பிறந்த அனைத்தையும் குறிக்கும் கிரெக்ஸ் பெயர். தேசிய மலராக 1981-இல் ஏற்கப்பட்ட தனிச்செடியின் வழித்தோன்றல்களைக் குறிக்க ‘ஆக்னஸ்’ என்ற ரகப்பெயர் அதன்பின் சேர்க்கப்படுகிறது. முன்பு வாண்டா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த அதன் பெற்றோர் இப்போது பாப்பிலியோனாந்தி என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால், முழுப்பெயரின் முதல் சொல்லும் மாறிவிட்டது. மிஸ் ஜோக்கிம் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. பேரினப் பெயர் ஆராய்ச்சியாளர்களின் முடிவுக்கேற்ப மாறலாம், நாம் சூட்டும் பெயர் நிலைத்திருக்கும் என்பதை இதிலிருந்து அறியலாம். அல்லிக்கோ ரோஜாவுக்கோ கிரெக்ஸ் கிடையாது. ஒத்த பண்புடைய பல ரகங்களைத் தொகுத்துக் குறிக்க வேண்டுமாயின், அவற்றுக்குக் குரூப் என்ற வேறொரு வகைப்பாடு உண்டு. உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது.

தந்தை யார் என்ற கேள்விக்கு வருகிறேன். அல்லிப்பூ விரிந்த முதல் நாளில் பெண் நிலையில் இருக்கும். சூலக முடியின் கிண்ணத்தில் நீர்மம் தேங்கியிருக்கும். மகரந்தத்தை ஏற்பது அப்போதுதான். இரண்டாம் நாள் முதல் அதே பூ மகரந்தத்தைத் தரும் நிலைக்கு மாறிவிடுகிறது. ஆதலால் நிச்சயமான கலப்புச் செய்ய விரும்புவோர், பூ விரியும் முன்னரே மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடி, முதல் நாளில் மகரந்தத்தை இட்டு, மறுபடியும் மூடி, தாய், தந்தை, தேதி மூன்றையும் எழுதிய சீட்டைக் காம்பில் கட்டிவிடுவார்கள். நீங்கள் பூவை மூடாததால், தேனீ கொண்டுவந்த மகரந்தம் முந்தியிருக்கக் கூடும். விண்ணப்பத்தில், தாய் இன்ன ரகம், தந்தை தெரியவில்லை என்று எழுதுங்கள். ரகப்பெயரைப் பதிவதற்குப் பெற்றோர் விவரம் கட்டாயம் அன்று. ஊகித்து எழுதிய தந்தையின் பெயரோ, பின்னால் வரும் கலப்பாளர்கள் எல்லோரையும் தவறான வழியில் இட்டுச் செல்லும்.

பேரினப் பெயரை அடுத்து ரகப்பெயரை ஒற்றை மேற்கோள்குறிக்குள் எழுதினாலே போதும். நடுவில் சிற்றினப் பெயர் தேவையில்லை. அல்லியின் பேரினப் பெயரான நிம்ஃபேயா, அதன்பின் மேற்கோள்குறிக்குள் உங்கள் ஆசிரியையின் பெயர், அவ்வளவுதான். பதிவுக்காக உரோமன் எழுத்தில் எழுதும்போது இரட்டை மேற்கோள்குறி கூடாது. ஒவ்வொரு முக்கியச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இடைவெளிகளை நீக்கி எண்ணினால் முப்பது எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. தமிழ்ப் பெயரைத் தாராளமாக வைக்கலாம், ஆனால் உரோமன் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து அதையே எங்கும் பயன்படுத்துங்கள். அந்தப் பெயரின் பொருளை வேறு மொழியில் பெயர்த்து விற்றால், அது வணிகப் பெயராகக் கொள்ளப்படுமே அன்றி ரகத்தின் பெயராகாது.

ரகம், கலப்பினம், தேர்வு, மேம்பட்டது போன்ற பொருள் தரும் ஹைபிரிட், செலக்‌ஷன், இம்ப்ரூவ்டு முதலிய சொற்களைப் பெயருக்குள் சேர்க்க விதி இடம் தருவதில்லை. வெறும் எண்களோ ஒற்றை எழுத்தோ பெயராகாது. செடியின் தகுதியை மிகைப்படுத்துவதும், பிறப்பைப் பற்றித் தவறான எண்ணம் தருவதும் விலக்கப்பட்டவை. இவற்றைவிட முக்கியமானது, அல்லிப் பேரினத்துக்குள் அதே பெயரோ, எழுத்திலும் ஒலியிலும் குழப்பம் தரும்படி அதை ஒத்த பெயரோ முன்பே இருக்கக் கூடாது என்பது. பழைய ரகம் இப்போது யாரிடமும் இல்லை என்று தோன்றினாலும் அதன் பெயரை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அது வளர்ப்பிலும் இல்லை, கலப்புக்கும் பயன்படவில்லை, நூல்களிலும் அரிதாகவே காணப்படுகிறது என்று பதிவாளர் உறுதி செய்து அனுமதித்தால் மட்டுமே அது விதிவிலக்காக முடியும். அதே பெயர் ரோஜாவில் இருந்தால் தடையில்லை. பெயர் மோதலைப் பொதுவாகப் பேரின அளவில்தான் பார்க்கிறார்கள்.

பதிவைச் சர்வதேசத் தோட்டக்கலை அறிவியல் சங்கம் நியமித்த பதிவு அமைப்புகள் செய்கின்றன. ஒவ்வொரு தாவரத் தொகுதிக்கும் ஓர் அமைப்பு. ரோஜாவுக்கு அமெரிக்க ரோஜாச் சங்கம், காகிதப்பூவுக்குப் புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. அல்லிக்கும் தாமரைக்கும் உரியது சர்வதேச அல்லி மற்றும் நீர்த்தோட்டச் சங்கம். அதன் பெயர்ப்பட்டியலை முதலில் ஆராய்ந்து, இரண்டு மூன்று மாற்றுப் பெயர்களுடன் விண்ணப்பியுங்கள். பூவின் விட்டம், இதழ்களின் எண்ணிக்கை, இலையின் மேற்புற கீழ்ப்புற நிறம், மணம், பூ நீரின் மேல் எழும் உயரம், பகலில் விரிகிறதா இரவில் விரிகிறதா என்பன எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். நிறத்தைக் கண்மதிப்பாகச் சொல்லாமல், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில் தோட்டக்கலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். மிக நெருங்கிய ரகம் எது, அதிலிருந்து உங்களுடையது எவ்வாறு வேறுபடுகிறது என்று ஒரு வாக்கியமாவது இருக்கட்டும். விண்ணப்பத்தில் மிகப் பயனுள்ள வாக்கியம் அதுவே. கூடவே ஒரு பூவையும் இலையையும் பதப்படுத்தி, படத்துடன் ஹெர்பேரியம் ஒன்றில் ஒப்படைத்தால், பிற்காலத்தில் எழும் ஐயத்தைத் தீர்க்கும் சான்றாக அது இருக்கும். இது கட்டாயம் அன்று எனினும் நான் வற்புறுத்திச் சொல்வேன்.

பதிவாளர் உங்கள் செடியை வளர்த்துப் பார்ப்பதில்லை. அது புதியதா, சிறந்ததா என்று தீர்ப்புச் சொல்வதும் இல்லை. பெயர் விதிக்கு உட்பட்டதா, முன்பே உள்ளதா என்பதை மட்டுமே பார்க்கிறார். பெயர் முறைப்படி நிறுவப்படுவதற்கு, அது தேதியிட்ட வெளியீடு ஒன்றில் விவரணையோடு வெளிவந்து, பொதுமக்களையோ நூலகம் உள்ள தாவரவியல், தோட்டக்கலை நிறுவனங்களையோ அடைய வேண்டும். தேதியிட்ட நாற்றுப்பண்ணை விலைப்பட்டியல் கூட விவரணை இருந்தால் தகுதி பெறும். தோட்டத்தில் நட்ட பெயர்ப்பலகையோ, கூட்டத்தில் சொன்ன பெயரோ தகுதி பெறாது.

விற்பனையைத் தடுக்கும் கேள்விக்கு விடை, இந்தப் பதிவால் முடியாது என்பதே. பதிவு, பெயரை மட்டும் காக்கிறது. பிறர் பெருக்கி விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அந்தந்த நாட்டுச் சட்டப்படி ரக உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய தாவர ரகங்களின் பாதுகாப்புக்காக 1961-இல் உருவான யூபோவ் என்னும் சர்வதேச உடன்படிக்கையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி ரகம் புதியதாகவும், தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை உடையதாகவும் இருக்க வேண்டும். அவை சோதித்தே முடிவு செய்யப்படும். 1991 திருத்தத்தின்படி உரிமைக் காலம் குறைந்தது 20 ஆண்டு, மரங்களுக்கும் கொடிமுந்திரிக்கும் 25 ஆண்டு. இங்கே காலம் முக்கியம்: விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு முன்பே, வெளிநாட்டில் பொதுவாக நான்கு ஆண்டுக்கு முன்பே, உங்கள் சம்மதத்துடன் செடி விற்பனைக்கோ பிறர் பயன்பாட்டுக்கோ சென்றிருந்தால் புதுமை போய்விட்டதாகக் கருதப்படும். அதனால்தான், நண்பர்களுக்குக் கிழங்கு கொடுத்த தேதியை உடனே குறித்து வையுங்கள் என்கிறேன். உரிமை பெறும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், அது பற்றி முடிவெடுக்கும்வரை மேலும் ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். செலவையும் சோதனைக் காலத்தையும் நோக்க, பெரிய அளவில் விற்கும் திட்டம் இல்லாத வளர்ப்பாளருக்கு இந்த உரிமை பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் கருத்து.

வணிகப் பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்து கொள்ளும் வழியும் உண்டு; ஆனால் வணிகக்குறி ரகத்தின் பெயர் அன்று. பீஸ் என்று உலகம் அறிந்த ரோஜாவின் ரகப்பெயர் ‘மேடம் ஏ. மெயாங்’, அதே ரோஜா இத்தாலியில் ஜோயா என்றும் ஜெர்மனியில் குளோரியா டெய் என்றும் விற்கப்பட்டது. இப்படி ஒரே செடி நான்கு பெயர்களில் உலவும்போது, வாங்குபவர் அதை இன்னதென்று அறிய உதவுவது ரகப்பெயர் ஒன்றே. ஆகையால் சீட்டில் எந்த வணிகப் பெயர் இருந்தாலும் ரகப்பெயரும் உடன் இருக்க வேண்டும்.

முகநூலில் வெளியிட்ட பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தப் பதிவு மட்டும் ஒரு பெயரை நிறுவிவிடாது. அங்கே, இது தற்காலிகப் பெயர், இன்னும் வெளியிடப்படவில்லை என்று ஒரு குறிப்புச் சேர்த்துவிடுங்கள். பதிவு முடியும்வரை, ஆண்டும் நாற்றின் வரிசை எண்ணும் சேர்ந்த ஒரு குறியீட்டைச் சீட்டில் எழுதி வாருங்கள். அது வளர்ப்பாளரின் அடையாளமாக இருக்குமே அன்றிப் பெயராகாது. கிழங்கு பெற்ற நண்பர்கள் இருவருக்கும் அதே குறியீட்டை அனுப்பி, அவர்களிடம் உள்ள சீட்டை மாற்றச் சொல்லுங்கள். விதை விழுந்து அந்தத் தொட்டிகளில் முளைக்கும் நாற்றுகளை அகற்றிவிடும்படியும், பெயர் உறுதியாகும்வரை கிழங்கைப் பிறருக்குத் தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்று வந்ததும் அதன் நகலை இருவருக்கும் அனுப்பினால், குறியீட்டின் இடத்தில் ரகப்பெயரை அவர்களே எழுதிக்கொள்ளலாம்.